ஆடுகளம் கற்றுத்தரும் முதலீட்டுப் பாடம்

கடந்த ஆண்டு குறுவட்ட அளவிலான விளையாட்டுப் போட்டிகளில், இறகுப்பந்து ஆட்டத்திற்குப் புள்ளி குறிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. நான் கணித ஆசிரியர். விளையாட்டில் எனக்குப் பெரிய பயிற்சி கிடையாது. ஆனால் கையில் தாளும் பேனாவும் இருந்தால் எதையாவது எண்ணாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு புள்ளியும் எப்படி வந்தது என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எதிராளியால் எடுக்க முடியாதபடி அடித்துப் பெற்ற புள்ளிகள் ஒரு பக்கம். எதிராளி வலையில் அடித்தோ, கோட்டுக்கு வெளியே அடித்தோ, சர்வீஸைத் தவறவிட்டோ தானாகவே கொடுத்த புள்ளிகள் மறுபக்கம்.

முதல் செட் 21-15 என்று முடிந்தது. மொத்தம் 36 புள்ளிகள். அவற்றில் அடித்துப் பெற்றவை 9 மட்டுமே. மற்ற 27 புள்ளிகளும் பிழையால் கிடைத்தவை. இன்னொன்றும் தெரிந்தது. தோற்ற மாணவி அழகாக அடித்து 7 புள்ளிகள் எடுத்திருந்தார். வென்ற மாணவி அப்படி எடுத்தவை வெறும் 2. ஆனால் தோற்றவர் செய்த பிழைகள் 19. வென்றவர் செய்தவை 8. பார்வையாளர்கள் கைதட்டியதெல்லாம் தோற்ற மாணவிக்குத்தான். வென்ற மாணவி இறகுப்பந்தை எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்புவதை மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதே வாரம், ஆவணம் ஒன்றில் கையொப்பம் பெறுவதற்காக முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். வயது 23. தொழிற்சாலை ஒன்றில் வேலை. முகம் வாடியிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். சிறிது நேரம் தயங்கியவர் பிறகு சொன்னார். கைப்பேசிச் செயலி வழியாக பங்குச் சந்தையில் 'ஆப்ஷன்' ஆடியதில் 1,80,000 ரூபாய் போய்விட்டதாம். அதில் பாதி, அம்மாவின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து எடுத்த பணம்.

"முதல் வாரம் நாலாயிரம் ரூபாய் ஜெயிச்சேன் சார். அதுக்கப்புறம்தான் எல்லாம் தப்பாப் போச்சு."

அவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி படித்தவர். நன்றாகவே மதிப்பெண் வாங்கியவர். நான் நடத்திய கணக்கு ஏன் அவருக்கு உதவவில்லை என்ற கேள்வி அன்று மாலை முழுவதும் என்னை விடவில்லை. சட்டைப்பையில் இருந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் விடையின் ஒரு நுனி கிடைத்தது. சூத்திரம் அவருக்குத் தெரிந்திருந்தது. தான் எந்த வகை ஆட்டத்தில் இறங்குகிறோம் என்பது தெரியவில்லை. அதை நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

இரண்டு வகை ஆட்டங்கள்

நான் இறகுப்பந்தில் எண்ணியதை, நெடுங்காலத்திற்கு முன்பே டென்னிஸில் எண்ணிப் பார்த்தவர் அமெரிக்க அறிவியலாளரும் பொறியாளருமான சைமன் ராமோ. சாதாரண ஆட்டக்காரர்களுக்காக அவர் எழுதிய டென்னிஸ் நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டியில் சுமார் 80 சதவீதப் புள்ளிகள் திறமையாக அடித்துப் பெறப்படுபவை. நம்மைப் போன்றோர் ஆடும்போது சுமார் 80 சதவீதப் புள்ளிகள் பிழையால் இழக்கப்படுபவை. பார்வைக்கு இரண்டும் ஒரே டென்னிஸ்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு ஆட்டங்கள். முதலாவதில் வெல்பவர் வெற்றியைத் தேடி எடுக்கிறார். இரண்டாவதில் தோற்பவர்தான் முடிவைத் தீர்மானிக்கிறார்.

இந்தக் கருத்தை முதலீட்டுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் எல்லிஸ். 1975-ஆம் ஆண்டு நிதித்துறை ஆய்விதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பங்குச் சந்தையில் தேர்ந்த நிபுணர்கள் நிறைந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் மிஞ்சுவது அவர்களுக்கே அரிதாகிவிட்டது. எனவே அங்கே பிழையைக் குறைப்பவரே நிலைக்கிறார் என்பது அவர் வாதம். நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், மாதச் சம்பளத்தில் சேமிக்கும் நமக்கு?

மிக உயர்ந்த நிலையிலும் பிழையே முடிவைத் தீர்மானித்த ஓர் ஆட்டத்தை நாம் அண்மையில் பார்த்தோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் 14-ஆவது, கடைசிச் சுற்று. பலரும் சமநிலையில் முடியும் என்றே எண்ணினார்கள். நம் சென்னையின் குகேஷ் அவசரப்படவில்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த நிலையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தம் ரூக்கைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயதில் குகேஷ் உலக வாகையர் ஆனார். அந்த நொடிவரை தாம் தவறு செய்யாமல் இருந்ததுதான் குகேஷின் பெரிய திறமை.

எதிரே நிற்பவர் யார்?

போட்டிக்கு முன் உடற்கல்வி ஆசிரியர்கள் மாணவரிடம் சொல்லும் முதல் அறிவுரை, "எதிரே ஆடுவது யார் என்று பார்" என்பதுதான். கைப்பேசித் திரையில் பங்கு வணிகம் செய்பவருக்கு எதிராளி தெரிவதில்லை. அதனால் எதிரே யாருமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் வணிகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் இழப்பையே சந்தித்தார்கள். சராசரி இழப்பு ஒருவருக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம்.

அந்தப் பணத்தைப் பெற்றவர்கள் யார்? அதே ஆய்வின்படி, 2023-24-இல் லாபம் ஈட்டியவர்களில் முதன்மையானவர்கள் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுமே. அவர்களின் லாபத்தில் மிகப் பெரும்பகுதி, கணினி நிரல்கள் தாமாகவே வாங்கி விற்றதால் வந்தது. என் முன்னாள் மாணவர் இரவுப் பணி முடித்து, தூங்காத கண்களோடு, கையடக்கத் திரையில் எதிர்த்து ஆடியது இவர்களோடுதான். குறுவட்டப் போட்டியில் ஆடும் மாணவரை, முன்னறிவிப்பின்றி ஒலிம்பிக் களத்தில் இறக்கிவிட்டதைப் போல.

இழந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் இழப்புக்குப் பின்னும் தொடர்ந்து ஆடினார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. "அதுக்கப்புறம்தான் எல்லாம் தப்பாப் போச்சு" என்று அந்தத் தம்பி சொன்னதன் பொருளும் இதுவே.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருப்பது முதலீடு. அந்த நிறுவனம் வளர்ந்தால் பங்குதாரர் எல்லோருமே பயன் பெறலாம். ஆப்ஷன் வணிகம் அப்படியன்று. அங்கே ஒருவர் பெறும் லாபம் இன்னொருவரின் இழப்பிலிருந்தே வருகிறது. இரண்டையும் 'ஷேர் மார்க்கெட்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

அடிக்காமல் விட்ட ஷாட்

2003-04 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் சச்சின் டெண்டுல்கர் தடுமாறிக்கொண்டிருந்தார். முதல் மூன்று டெஸ்ட்களில் ஐந்து முறை மட்டை பிடித்து அவர் எடுத்தது மொத்தமே 82 ரன்கள். விலகிச் செல்லும் பந்தைத் துரத்தி அடிக்கப்போய் ஆட்டமிழப்பது வாடிக்கையாகியிருந்தது. 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்ட். அங்கே அவர் ஒரு முடிவோடு இறங்கினார். தமக்கு மிகவும் பிடித்த, மிகவும் பெயர் வாங்கித் தந்த கவர் டிரைவை அடிப்பதில்லை என்பதே அந்த முடிவு. பந்து வீச்சாளர்கள் ஆசை காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் விட்டுக்கொண்டே இருந்தார். 436 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் 241 ரன்கள் எடுத்தார்.

உலகின் சிறந்த மட்டையாளர், தம்மால் அடிக்கக்கூடிய ஷாட்டையே இன்று வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார். முதலீட்டில் நமக்கும் இப்படி ஒரு பட்டியல் தேவை. எதை வாங்குவது என்பதற்கு முன், எதைத் தொடவே கூடாது என்ற பட்டியல். புரியாத நிறுவனம், வாட்ஸ்அப் குழுவில் வந்த 'டிப்ஸ்', கடன் வாங்கிய பணம், "இன்றே கடைசி நாள்" என்ற அவசரம்: என் பட்டியலில் இந்த நான்கும் உண்டு. இவற்றில் இரண்டாவதை நான் சொந்த அனுபவத்தில் சேர்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வறையில் காதில் விழுந்த ஒரு பெயரை நம்பி 40,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினேன். அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்றரை ஆண்டில் அது 11,000 ரூபாய் ஆனது. வீட்டில் சொல்ல எனக்கு மேலும் ஆறு மாதம் ஆயிற்று.

வெறுங்கையோடு திரும்பும் ரெய்டு

நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த கபடிக்கு வருவோம். பாடிச் செல்பவர் ஒவ்வொரு முறையும் ஆளைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. உரிய கோட்டைக் கடந்து, எதிரணியின் நிலையைப் பார்த்துவிட்டு, புள்ளி இல்லாமல் பத்திரமாகத் திரும்பி வரலாம். அனுபவமுள்ளவர்கள் இதை அடிக்கடி செய்வார்கள். அனுபவமில்லாதவர்தான் வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, நான்கு பேர் நடுவில் போய் மாட்டிக்கொள்வார். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி உண்டு. பங்குச் சந்தையில் அந்த விதியும் இல்லை. பத்து முறை வெறுங்கையோடு திரும்பினாலும் யாரும் நம்மை வெளியேற்ற மாட்டார்கள்.

புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட் இதையே பேஸ்பால் விளையாட்டை வைத்து விளக்குவார். டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் வீரர், பந்து வரும் பரப்பை 77 சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் வரும் பந்தை அடித்தால் தமக்கு வெற்றி அதிகம் என்று கணக்கிட்டு வைத்திருந்தார். தமக்குச் சாதகமான கட்டத்தில் வரும்வரை காத்திருப்பார். அவருக்காவது மூன்று முறை விட்டால் ஆட்டம் போய்விடும். முதலீட்டாளருக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை என்பார் பஃபெட்.

நகராமல் நின்ற கோல்கீப்பர்

கால்பந்தில் பெனால்டி உதைகளைப் பற்றி இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சுவையானது. உயர்நிலைப் போட்டிகளின் 286 பெனால்டி உதைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். கோல்கீப்பர்கள் ஏறக்குறைய எப்போதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்ந்தார்கள். நடுவிலேயே நின்றது சுமார் 6 சதவீத முறை மட்டுமே. ஆனால் நின்றபோது மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தார்கள். பாய்ந்தபோது தடுத்தது ஏழு, எட்டில் ஒன்றுதான். பிறகு ஏன் பாய்கிறார்கள்? நின்றபடியே கோல் வாங்கினால், "சும்மா நின்றுகொண்டிருந்தான்" என்று பழி வரும். பாய்ந்து கோல் வாங்கினால், முயற்சியாவது செய்தான் என்பார்கள்.

பங்குச் சந்தை சரியும் நாளில் நமக்கும் இதே நெருக்கடிதான். ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை துடிக்கும். 2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981-இல் முடிந்தது. அன்று பயந்து விற்றவர்கள் பலர். 2021 ஜனவரி 21 அன்று அதே குறியீட்டெண் முதன்முறையாக 50,000-ஐத் தொட்டது. ஒவ்வொரு சரிவும் இவ்வளவு விரைவில் மீளும் என்று பொருளில்லை. தனி நிறுவனங்களில் மீளாமலே போனவையும் உண்டு. ஆனால் பல நல்ல நிறுவனங்களில் பரவலாக முதலீடு செய்திருந்தவருக்கு, அன்று நகராமல் நின்றதே சிறந்த தடுப்பாக அமைந்தது.

இதற்கு நீண்டகால ஆதாரமும் உண்டு. பார்பர், ஒடீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை அமெரிக்காவில் 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் வளர்ந்தது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்ததோ 11.4 சதவீதம். ஓடியாடி உழைத்ததற்கான கூலி, குறைவான வருவாய்.

38 ரன்களில் வென்ற உலகக் கோப்பை

1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். இந்தியா 183 ரன்களில் ஆட்டமிழந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 140-இல் சுருண்டது. அந்த இறுதிப் போட்டியில் இரு அணிகளையும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் நம் ஸ்ரீகாந்த். அவர் எடுத்தது 38. ஒருவர்கூட அரைசதம் அடிக்கவில்லை. பாட்டீல் 27, மொகிந்தர் அமர்நாத் 26, மதன் லால் 17, கபில்தேவ் 15, கிர்மானி 14. கடைசியாக வந்த சந்துகூட 11. விக்கெட்டுகளும் அப்படியே பகிர்ந்தன: மதன் லால் 3, அமர்நாத் 3, சந்து 2, கபில்தேவ் 1, பின்னி 1.

கவாஸ்கர் அன்று 2 ரன்களில் வெளியேறினார். அவரை மட்டுமே நம்பிய அணியாக இருந்திருந்தால் கோப்பை வந்திருக்காது. சேமிப்பைப் பல இடங்களில் பகிர்ந்து வைப்பதன் பொருள் இதுதான். எந்த ஆண்டு எது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று சரிந்தாலும் மற்றவை தாங்கும்படி அணி அமைய வேண்டும். பத்து வங்கிப் பங்குகளை வாங்குவது பகிர்வு ஆகாது. அது பதினொரு பேரும் மட்டையாளர்களாக உள்ள அணி. அவசரச் செலவுக்கான வங்கி வைப்பு, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, சிறிது பங்கு முதலீடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பங்கு முதலீட்டிலும் தனிப் பங்குகளைத் தேடத் தெரியாதவர்களுக்கு, 50 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி போன்ற குறியீட்டெண்ணை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் உள்ளன. எல்லிஸ் போன்றோர் சாதாரண முதலீட்டாளருக்கு வலியுறுத்தும் வழியும் இதுவே.

ஒப்புமை உடையும் இடம்

விளையாட்டை வைத்து முதலீட்டை விளக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஓரிடத்தில் இந்த ஒப்புமை உடைந்துவிடும். அந்த இடம்தான் மிகவும் முக்கியம்.

நேற்று சதம் அடித்த மட்டையாளர் இன்று பூஜ்யத்தில் ஆட்டமிழந்தாலும், நேற்றைய சதம் கணக்கில் அப்படியே இருக்கும். ரன்கள் கூட்டப்படுபவை. முதலீட்டில் வருவாய் பெருக்கப்படுகிறது. இன்றைய பூஜ்யம் நேற்றைய சதத்தையும் அழித்துவிடும். 50 சதவீதம் இழந்த பணம் பழைய நிலைக்குத் திரும்ப 50 சதவீத வளர்ச்சி போதாது. 100 சதவீதம் வேண்டும்.

பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் மாறுபாட்டுக் கெழுவை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். இருவர் தலா 1,00,000 ரூபாய் முதலீடு செய்கிறார்கள். முதலாமவருக்கு நான்கு ஆண்டுகளும் 10 சதவீதம் வளர்ச்சி. இரண்டாமவருக்கு 60 சதவீத வளர்ச்சி, 40 சதவீத இழப்பு, மீண்டும் 60 வளர்ச்சி, மீண்டும் 40 இழப்பு. இருவரின் சராசரியும் 10 சதவீதமே. இரண்டாமவரின் திட்ட விலக்கம் 50. மாறுபாட்டுக் கெழு 500 சதவீதம். முதலாமவருக்கு இரண்டுமே பூஜ்யம்.

இப்போது பணத்தைக் கணக்கிடுவோம். முதலாமவரின் தொகை நான்கு ஆண்டுகளில் 1,46,410 ரூபாய் ஆகிறது. இரண்டாமவருடையது 1,60,000, 96,000, 1,53,600 என்று ஏறி இறங்கி 92,160 ரூபாயில் நிற்கிறது. சராசரி 10 சதவீதம் 'வளர்ந்தும்' முதல் குறைந்துவிட்டது. என் மாணவருக்கு நான் சொல்லித்தராமல் விட்ட கணக்கு இது. கூட்டு வட்டியை நாம் எப்போதும் ஏறுமுகமாகவே நடத்துகிறோம். இழப்பும் கூட்டாகவே பெருகும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆட்டத்தில் தோற்ற பிள்ளை மறுநாள் அதே மட்டையோடு மீண்டும் களத்துக்கு வரலாம். அடகு வைத்த சங்கிலி அவ்வளவு எளிதில் வீடு திரும்பாது. ஆகவே, "தோல்வியே வெற்றியின் முதல் படி" என்று ஆடுகளத்தில் சொல்லும் வாசகத்தைப் பணத்திடம் சொல்லக் கூடாது.

வகுப்பறையில் செய்யக் கூடியவை

இவற்றை நான் என் வகுப்புகளில் செய்து பார்த்தேன். தனிப் பாடவேளை தேவைப்படவில்லை.

1. புள்ளிப் பட்டியல்: 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, விளையாட்டுப் பாடவேளையில் நடக்கும் இறகுப்பந்து அல்லது கைப்பந்து ஆட்டத்தைக் கவனிக்கச் செய்யலாம். அடித்துப் பெற்ற புள்ளி, பிழையால் வந்த புள்ளி என நேர்க்கோட்டுக் குறிகள் இட்டு, சதவீதம் காண வேண்டும். உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் ஆட்டக்காரர்களுக்கும் பயன்.

2. இறங்குமுகக் கூட்டு வட்டி: எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி முடிந்தவுடன், மேலே உள்ள இரண்டு முதலீட்டாளர் கணக்கைக் கொடுக்கலாம். முதலில் விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் இருவருக்கும் சமமான தொகை கிடைக்கும் என்றே சொன்னார்கள். கணக்கிட்டு முடித்ததும் வகுப்பில் எழுந்த சலசலப்பு, அந்த ஆண்டு நான் கேட்ட நல்ல சத்தங்களில் ஒன்று.

3. யார் நம்பகமானவர்?: பத்தாம் வகுப்பில், ஒரே சராசரி உள்ள இரண்டு மட்டையாளர்களின் பத்து ஆட்ட ரன்களைக் கொடுத்து மாறுபாட்டுக் கெழு காணச் செய்து, "கடைசி விக்கெட்டாக நிற்கும்போது யாரை அனுப்புவாய்?" என்று கேட்கலாம். பிறகு, "அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்கான பணத்தை எதில் வைப்பாய்?" என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு வகுப்பு அமைதியாகிவிடும். யோசிக்கிறார்கள் என்று பொருள்.

4. செய்யக் கூடாத ஒன்று: கற்றலுக்காக என்றாலும் மாணவரிடம் வணிகச் செயலிகளைத் திறந்து காட்ட வேண்டாம். எந்தப் பங்கையும் பெயர் சொல்லிப் புகழ வேண்டாம். நாம் சொல்லும் ஒரு பெயர் மாலையில் வீட்டுக்குப் போய்விடும்.

நமக்காகச் சில சொற்கள்

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஊக வணிகத்தில் ஈடுபடுவதைத் தடை செய்கின்றன. நீண்டகால நோக்கில் முதலீடு செய்வதும் அன்றாடம் வாங்கி விற்பதும் ஒன்றல்ல. பாடவேளைக்கு நடுவே கைப்பேசியில் விலை பார்க்கும் பழக்கம், விதியை மட்டுமல்ல, வகுப்பையும் கெடுக்கும்.

அவசரச் செலவுக்கு ஆறு மாதச் சம்பளம் அளவு தொகையும், மருத்துவ, ஆயுள் காப்பீடும் இல்லாமல் பங்கு முதலீட்டில் இறங்குவது, விக்கெட் கீப்பர் இல்லாமல் ஆட இறங்குவது போன்றது. ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உறுதியான லாபம் என்று வாக்களிப்பவரை அப்போதே விலக்கிவிடலாம். இணையவழி மோசடியில் பணம் போனால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை மாணவரின் பெற்றோருக்கும் சொல்லி வைப்போம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த முன்னாள் மாணவர் பொங்கல் விடுமுறையில் மீண்டும் வந்தார். செயலியை நீக்கிவிட்டாராம். நகைக்கடன் வட்டியை மாதம் தவறாமல் கட்டுகிறார். சங்கிலி இன்னும் மீளவில்லை. அவரிடம் அந்தப் புள்ளித் தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

உண்மைதான். எனக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது. இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி தொடங்கும் முன், பிள்ளைகளை ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்று புள்ளி எண்ண வைத்துவிட்டேன்.

(கட்டுரையாளர்: பட்டதாரி ஆசிரியர், கணிதம், அரசு மேல்நிலைப் பள்ளி)